மஞ்சள் பூசிய கல்

பஸ் வந்து திரும்பும் இடத்தில் நின்றுகொண்டு குகநாதன் தன் சப்பாத்து நாடாவை மறுபடியும் அவிழ்த்துக் கட்டினார். இரவு பெய்த மழை விட்டிருந்தது. யூரா மேட்டுநிலப் பூங்காவின் புல்வெளிகளுக்கு மேலே பனிமூட்டம் மெல்ல விலகிக்கொண்டிருந்தது.

"அப்பா, சப்பாத்தைப் பார்த்தே உங்களை எடுக்கப்போகினம்?" என்றாள் மகள் பவதாரணி.

"சும்மா இரு பிள்ளை. எனக்கு நெஞ்சு படபடக்குது."

"சுவிஸ் பாஸ்போட்டுக்குப் போன அண்டைக்கும் மனுசன் இப்பிடிப் பயப்பிடேல்லை" என்றாள் மனைவி தில்லைநாயகி. அவள் கையில் வடைப் பெட்டியும் தேத்தண்ணீர்ப் போத்தலும் இருந்தன.

குகநாதன் ஓஸ்டர்முண்டிகன் என்ற ஊரில் முதியோர் இல்லமொன்றில் சமையற்காரர். இந்த நாட்டுக்கு வந்த புதிதில் அவருக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. ஒரு பலகையும் வாசிக்கத் தெரியவில்லை. நடைபாதைகளில் மரத்திலும் கல்லிலும் தீட்டியிருந்த மஞ்சள் சாய்சதுரம் மட்டும் புரிந்தது. அதன் பின்னால் போனால் காடு எவ்வளவு அடர்ந்திருந்தாலும் கடைசியில் ஒரு ரயில் நிலையம் வந்துவிடும். முகம் தெரியாத யாரோ ஒருவர், முகம் தெரியாத தனக்காக அதைத் தீட்டி வைத்திருக்கிறார் என்று நினைக்கும்போதெல்லாம் கோயிலில் நிற்பதுபோல அவருக்கு மனம் குளிரும். தானும் அப்படி ஒருவராக வேண்டும் என்பதுதான் அவருடைய நெடுநாள் ஆசை.

நடைபாதைச் சங்கம் பாதைகளைத் துண்டு துண்டாகப் பிரித்துத் தொண்டர்களிடம் ஒப்படைக்கும். இந்தத் துண்டை இளவேனிலில் குகநாதனிடம் பரீட்சார்த்தமாகக் கொடுத்திருந்தார்கள். முள்ளு வெட்டலாம், பலகை துடைக்கலாம்; வர்ணம் தீட்ட மட்டும் அனுமதி இல்லை. அது உறுதிசெய்யப்பட்டவர்களுக்குத்தான். பாதையைத் தருவதா விடுவதா என்று இன்று பொறுப்பாளர் ஃப்ராவ் (திருமதி) ஸ்பிண்டன் நேரில் நடந்து பார்த்து முடிவு சொல்லப்போகிறார்.

ஃப்ராவ் ஸ்பிண்டன் மலையூர்களுக்குத் தபால் சுமந்து ஓய்வு பெற்ற அம்மா. நரைத்த தலையை ஒட்ட வெட்டியிருந்தார். மூவருக்கும் கை கொடுத்துவிட்டு, "நடப்போம்" என்றார்.

முதற் பாதி நன்றாகவே போயிற்று. அவர் கைத்தடியால் புதர்களைத் தட்டிப் பார்த்தார். கைகாட்டிக் கம்பங்களை ஆட்டிப் பார்த்தார். அவை ஆடவில்லை. கல்வேலியோரம் முட்செடி வெட்டியிருந்த இடத்தில், "இந்தக் காட்டு ரோஜாவை மட்டும் ஏன் விட்டீர்கள்?" என்று கேட்டார்.

"அதற்குள் ஒரு குருவி கூடு கட்டியிருக்கிறது. அது போன பிறகு வெட்டுகிறேன்" என்றார் குகநாதன்.

ஃப்ராவ் ஸ்பிண்டன் லேசாகச் சிரித்துத் தலையசைத்தார். பின்னால் வந்த பவதாரணி தாயின் கையை அமுக்கினாள். "அம்மா, அவ சிரிச்சிட்டா! கண்டனீங்களோ?"

"நான் பிள்ளையாரிட்டைச் சொல்லிப்போட்டன். எல்லாம் அவர் பார்ப்பார்."

அந்த நேரத்தில் ஃப்ராவ் ஸ்பிண்டனின் தொலைபேசி அடித்தது. அவர் காதில் வைத்துக் கேட்கக் கேட்கப் புருவங்கள் மேலே போயின.

"எந்தக் குறி?... மஞ்சளா?... சரி, அங்கேயே நில்லுங்கள்... என்ன, மாடா?"

தொலைபேசியை வைத்துவிட்டு அவர் குகநாதனைப் பார்த்தார். "இரண்டு வயதான சகோதரிகள். மஞ்சள் குறியைப் பார்த்துத் திரும்பினார்களாம். இப்போது ஒரு குழிக்குள் நிற்கிறார்கள். தண்ணீர் முடிந்துவிட்டதாம். சுற்றிவர இளம் பசுக்கள் நின்று வழி விடவில்லையாம். இது உங்கள் பாதையில், குகநாதன்."

இந்த மேட்டுநிலத்தில் ஓர் ஓடையும் இல்லை. பெய்கிற மழையையெல்லாம் சுண்ணாம்புக்கல் உடனே உறிஞ்சிவிடும். குழி என்பது நிலம் உள்வாங்கிக் கிண்ணம்போல ஆன இடம். நால்வரும் விரைந்தார்கள்.

பாதை இரண்டாகப் பிரியும் இடம் வந்தது. வலப்பக்கம் கல்வேலிக் கதவைத் தாண்டிப் போவதுதான் சரியான வழி. இடப்பக்கம் மரங்களுக்குள்ளே போவது மாடுகள் நடந்து உண்டான தடம். அந்தத் தடத்தின் வாயிலில், மரநிழலில், தொந்தி தள்ளிய ஒரு கல் இருந்தது. தொந்தியிலே கையகலத்துக்குப் பளிச்சென்று மஞ்சள்.

குகநாதன் கல்லைப் பார்த்தார். பிறகு மனைவியைப் பார்த்தார். தில்லைநாயகி வடைப் பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"ஐயோ" என்றாள் மெதுவாக. "என்ரை பிள்ளையார்."

போன சனிக்கிழமை கணவர் முள்ளு வெட்டிக்கொண்டிருந்தபோது அவள் இந்தக் கல்லைக் கண்டாள். தொந்தி இருந்தது, தும்பிக்கைபோல ஒரு புடைப்பும் இருந்தது. தொடங்கின வேலை விக்கினமில்லாமல் முடிய வேண்டுமே என்று கைப்பையில் இருந்த மஞ்சளைக் குழைத்துப் பூசி, குங்குமமும் வைத்துக் கும்பிட்டுவிட்டு வந்தாள். குங்குமத்தை மழை கழுவிவிட்டது. மஞ்சளைக் கல் குடித்துவிட்டது.

"ஆலாத்திக்குச் சுண்ணாம்பு போட்டா மஞ்சள் சிவக்குமெல்லோ? இது ஏனம்மா சிவக்கேல்லை?" என்று பவதாரணி காதோடு கேட்டாள். "சிவந்திருந்தா ஒருத்தரும் உந்தப் பக்கம் போயிருக்க மாட்டினம்."

"அது சுட்ட சுண்ணாம்படி. இது வெறுங்கல்லு. இப்ப இதே முக்கியம்?"

ஃப்ராவ் ஸ்பிண்டன் குனிந்து நகத்தால் சுரண்டினார். "இது நம்முடைய வர்ணம் இல்லை. யாரோ குழப்படிக்காரர்கள். போன வருடமும் கீழே ஒரு பலகையைத் திருப்பி வைத்தார்கள். உங்கள்மேல் பிழை இல்லை, குகநாதன்."

அவ்வளவுதான். பேசாமல் நின்றால் போதும், பாதை கிடைத்துவிடும். குகநாதனின் நெஞ்சுக்குள் அந்த மஞ்சள் சாய்சதுரம் ஒருமுறை வந்து போயிற்று. அதைத் தீட்டியவர் பொய் சொல்லியிருந்தால் தான் எந்த ரயில் நிலையத்துக்கும் போய்ச் சேர்ந்திருக்கமாட்டேன் என்று நினைத்தார்.

"குழப்படிக்காரர் இல்லை" என்றார். "அது நான்."

"இல்லை, நான்!" என்று தில்லைநாயகி முன்னே வந்தாள். அவளுடைய ஜெர்மன் சின்னதுதான், ஆனாலும் அன்றைக்குப் போதுமானதாக இருந்தது. "அவருக்குத் தெரியாது. நான் பூசினேன். இது எங்கள் கடவுள். யாரும் வழி தவறக்கூடாது என்று கும்பிட்டேன்."

"மனைவி செய்தாலும் பொறுப்பு என்னுடையது" என்றார் குகநாதன்.

"இஞ்சாருங்கோ, நீங்கள் பேசாமல் இருங்கோ. நான் கதைக்கிறன்."

ஃப்ராவ் ஸ்பிண்டன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "யாரும் வழி தவறக்கூடாது என்று இதைப் பூசினீர்களா?"

"ஓம்" என்றாள் தில்லைநாயகி, தமிழிலேயே.

"முதலில் அந்த அம்மாக்களைக் கூட்டி வருவோம்" என்றார் ஃப்ராவ் ஸ்பிண்டன். அவர் குரலிலிருந்து எதையும் அறிய முடியவில்லை.

மாட்டுத்தடம் குழியின் விளிம்பில் முடிந்தது. கீழே இரண்டு சகோதரிகளும் ஒரு பாறையில் அருகருகே உட்கார்ந்திருந்தார்கள். ஒரே மாதிரித் தொப்பி. சுற்றிவர இளம் பசுக்கள் கழுத்தை நீட்டி, கதை கேட்கிறவர்கள்போல நின்றன.

பவதாரணி மழைக்கோட்டை விரித்து ஆட்டிக்கொண்டு, "ஹேய், போங்கோ, போங்கோ!" என்று இறங்கினாள். பசுக்கள் அவளைப் பார்த்துக்கொண்டு நின்றன. "தமிழ் விளங்கேல்லைப் போல!"

தில்லைநாயகி பின்னால் போய் ஒரு பசுவின் முதுகில் தட்டி, "தள்ளம்மா" என்றாள். அது தள்ளியது. மற்றவையும் அதன் பின்னே போயின.

தில்லைநாயகி வடைப் பெட்டியைத் திறந்து நீட்ட, குகநாதன் அவளிடமிருந்து போத்தலை வாங்கித் தேத்தண்ணீரை ஊற்றிக் கொடுத்தார். "என்னால்தான் உங்களுக்கு இந்தக் கஷ்டம். மன்னித்துக்கொள்ளுங்கள்."

"கஷ்டமா?" என்றார் மூத்த சகோதரி. ஒரு மிடறு குடித்துக் கண்ணை மூடினார். "இந்தத் தேநீரில் என்ன போட்டிருக்கிறீர்கள்?"

"இஞ்சி."

"எனக்கு இன்னும் கொஞ்சம்" என்று கிண்ணத்தை நீட்டினார். இளையவர் பாறையின் மறுபக்கத்தைக் காட்டினார். அங்கே ஊதா நிறத்தில் காட்டு ஓர்க்கிட்டுகள் ஒரு திட்டாய்ப் பூத்திருந்தன. "இவளுக்குப் பசுக்களைக் கண்டு பயம். நான் இதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இத்தனை வருடம் நடக்கிறோம், இதைக் கண்டதில்லை."

"எனக்குப் பயம் இல்லை" என்றார் மூத்தவர், வடையைக் கடித்தபடி. "மரியாதை."

நல்லது செய்யப்போய் இடறுகிறவர்களை இறைவன் கொஞ்சம் வெட்கப்பட வைப்பான்; கைவிடமாட்டான்.

எல்லோரும் பாதை பிரியும் இடத்துக்குத் திரும்பி வந்தார்கள். ஃப்ராவ் ஸ்பிண்டன் தண்ணீரும் தூரிகையும் கொண்டு கல்லைத் தேய்த்துப் பார்த்தார். மஞ்சள் அசையவில்லை. அவர் நிமிர்ந்து வலப்பக்கக் கதவைப் பார்த்தார்.

"இங்கே ஒரு மரம் இருந்தது" என்றார். "அதில்தான் நம்முடைய குறி. மாரிப் புயலில் விழுந்துவிட்டது. குறி ஒன்று வேண்டும் என்று இளவேனிலிலேயே நீங்கள் எனக்குச் சொன்னீர்கள், குகநாதன். பிறகு பார்ப்போம் என்று நான்தான் விட்டுவிட்டேன். சரியான குறி இருந்திருந்தால் உங்கள் கடவுளை யாரும் தவறாக எடுத்திருக்கமாட்டார்கள்."

அவர் தூரிகையிலிருந்த தண்ணீரை உதறினார்.

"பாதி உங்கள் பிழை, பாதி என் பிழை. இப்போது இந்தக் கல்லைத் திருப்புவோம்."

ஆறு பேரும் குனிந்தார்கள். மூத்த சகோதரி ஒரு கையில் வடையை விடாமல் மறுகையால் தள்ளினார். கல் ஒரு பெருமூச்சுப்போலப் புரண்டு, மஞ்சள் தொந்தி நடப்பவர் கண்ணுக்குப் படாமல் காட்டுப் பக்கம் பார்த்து உட்கார்ந்தது.

தில்லைநாயகி சுற்றிப்போய்ப் பார்த்தாள். முகம் மலர்ந்துவிட்டது. "இஞ்சாருங்கோ! இப்பதான் கிழக்கே பார்க்கிறார். முதல் தெற்கே பார்த்துக்கொண்டிருந்தவர். அப்பவே எனக்கு மனசுக்குச் சரிப்படேல்லை."

"என்ன சொல்கிறார்?" என்று கேட்டார் ஃப்ராவ் ஸ்பிண்டன்.

"கடவுளுக்கு இப்போதுதான் வசதியாம்" என்று மொழிபெயர்த்தாள் பவதாரணி.

ஃப்ராவ் ஸ்பிண்டன் முதன்முறையாக வாய்விட்டுச் சிரித்தார். பிறகு தன் முதுகுப்பையைத் திறந்து, ஒரு சிறிய மஞ்சள் வர்ண டின்னையும் சாய்சதுரம் வெட்டிய தகட்டையும் தூரிகையையும் எடுத்துக் குகநாதனிடம் நீட்டினார்.

"கதவுத் தூணில். கண் மட்டத்தில். கோணாமல்."

குகநாதன் அவற்றை வாங்கிக்கொண்டார். தூணைத் தன் கைலேஞ்சியால் துடைத்தார். தகட்டை வைத்து, மனதுக்குள் ஒரு பெயரைச் சொல்லி, முதற் கோட்டை இழுத்தார். சகோதரிகள் கைதட்டினார்கள். தூரத்தில் பசுக்களின் மணிகள் கேட்டன.

தகட்டை எடுத்தபோது ஈரமான மஞ்சள் சாய்சதுரம் வெயிலில் மின்னியது. தில்லைநாயகியின் கை தானாகவே கைப்பைக்குள் போய்க் குங்குமச் சிமிழோடு வெளியே வந்தது.

"அம்மா!" என்று பவதாரணி கத்தினாள்.

"கத்தாதை. எனக்குத் தெரியும்" என்றாள் தில்லைநாயகி. தூணைத் தாண்டிப் போய்க் கணவரின் நெற்றியில் ஒரு பொட்டு வைத்தாள்.