மடிப் புடவையும் மோட்டார் மிஷினும்

ஸ்ரீரங்கத்து வீட்டில் கரண்ட் வந்த புதிது. பொன்மலையில் ரயில்வே குவார்ட்டர்ஸைக் காலி செய்த குடும்பத்திடம் செங்கமலம் பிடிவாதமாக ஒரு பழைய மோட்டார் தையல் மிஷினை வாங்கியிருந்தாள். காலையில் தைக்கும்போது மிஷினின் இரும்பு உடம்பு அவள் விரலைச் சுருக்கென்று கடித்தது. சொன்னால் கணவன் திருப்பிக் கொடுத்துவிடுவானே என்று வாயை மூடிக்கொண்டாள்.

அன்று ஆயுத பூஜை. மாமியார் வேதவல்லி குளித்து, மடிப் புடவை சொட்டச் சொட்ட, மிஷினுக்குப் பொட்டு வைக்க வந்தாள். பிளக் சுவரிலேயே இருந்தது. செங்கமலம் அதைப் பார்த்துவிட்டாள்.

"அம்மா, அதைத் தொடாதேங்கோ!"

"நன்னாயிருக்குடி! மடியா இருக்கிற என்னை நீ தொடாம இருந்தாப் போறும்."

குங்கும விரல் இரும்பை நெருங்கியது. செங்கமலம் பாய்ந்து முந்தானையைப் பிடித்து இழுத்தாள். குங்குமக் கிண்ணம் உருண்டது.

"பாவி! மடி போச்சே!"

செங்கமலம் பிளக்கைப் பிடுங்கினாள். "ஷாக் அடிக்கறதும்மா. காலையிலேயே தெரியும். நான் மர மணை மேல காலை வச்சிருந்தேன், தப்பிச்சேன். நீங்க ஈரத்தோட..."

வேதவல்லி தன் காலடியில் தேங்கியிருந்த தண்ணீரைப் பார்த்தாள். மறுபடி குளிக்கப் போகவில்லை. மருமகளின் கையை இறுகப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"வயர்மேன் வந்து பார்க்கட்டும். அதுவரைக்கும் இதுகிட்ட போகாதேடி" என்றாள். பிடித்த கையை விடவில்லை.