இறங்க மறுத்த கோடு

ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையில், அண்ணியின் நாற்காலியை ஒட்டி ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருந்தாள் அவள். அண்ணியின் கணினியில் ஓடும் வரைபட மென்பொருள் அவளுடைய குழு எழுதியது. காலையில் சிட்டாகப் பறக்கும். மதியத்துக்குள் மெமரியைத் தின்று தின்று ஊதி, அப்படியே உறைந்துவிடும். அலுவலகத்தில் எத்தனை தடவை ஓட்டிப் பார்த்தும் கோளாறு தலைகாட்டவே இல்லை. அதனால்தான் நேரிலேயே வந்துவிட்டாள்.

"உன் தங்கச்சியோட சாப்ட்வேர் எனக்கு முன்னாடியே தூங்கப் போயிடுதுன்னு உங்கண்ணன்கிட்ட சொன்னேன்" என்றாள் அண்ணி, ஹெட்செட்டைக் காதில் மாட்டியபடி. "போன வாரம் அதால ஒரு வண்டி வேற தெருவுக்குப் போயிடுச்சு. நல்லவேளை, வெறும் கால் சுளுக்கு."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அண்ணியின் கணினியோடு இணைத்து மடியில் வைத்திருந்த லேப்டாப்பில், மெமரி அளவைக் காட்டும் கோடு ஏறிக்கொண்டே போனது. ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு வரைபடம் திறக்கும். வேலை முடிந்ததும் அண்ணி அதை மூடுவாள். மூடினால் கோடு இறங்க வேண்டும். இறங்கவில்லை.

உள்ளே தங்கிவிடுவது எது என்று தெரிய, மெமரியில் இருப்பதையெல்லாம் அப்படியே நகலாகப் படமெடுக்க வேண்டும். எடுத்து முடியும்வரை திரை அசையாது. மென்பொருள் உறைந்தாலோ தடயமும் போய்விடும்.

"அண்ணி, இப்ப எடுக்கட்டுமா? கொஞ்ச நேரம் ஸ்கிரீன் நிக்கும்."

"ம், சட்டுனு எடு" என்று அண்ணி சொல்லி வாய் மூடவில்லை, கணினியில் அழைப்பு மணி அடித்தது.

ஸ்பீக்கரில் ஒரு ஆண் குரல் உடைந்து வந்தது. "குழந்தை... எதையோ முழுங்கிடுச்சுங்க... மூச்சு வரல!"

"பயப்படாதீங்க சார், எங்க இருக்கீங்க சொல்லுங்க." அண்ணியின் விரல்கள் தட்டின. வரைபடம் பாதி வரைந்து நின்றது. அம்புக்குறி திணறித் திணறி நகர்ந்தது.

லேப்டாப்பில் ஓடும் தன் அளவிடும் கருவியும் அந்தக் கணினிக்குப் பாரம்தான் என்று அவளுக்குத் தெரியும். துண்டித்தால் காலையிலிருந்து சேர்த்த பதிவெல்லாம் பாழ். ஒரு கணம்தான் யோசித்தாள். துண்டித்துவிட்டாள்.

வரைபடம் தட்டுத்தடுமாறி நிறைந்தது. பக்கத்துத் தெருவில் ஒரு வண்டி சும்மா நின்றது. அதை அனுப்பிவிட்டு, குழந்தையைக் கவிழ்த்துப் பிடித்து முதுகில் தட்டச் சொன்னாள் அண்ணி. தட்டும் சத்தம் கேட்டது. வேறெதுவும் கேட்கவில்லை. அவள் ஸ்டூலின் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டாள். அப்புறம் ஒரு இருமல். அதைத் தொடர்ந்து வீறிட்ட அழுகை.

வண்டி போய்ச் சேர்ந்தது என்று தகவல் வந்ததும் அண்ணி ஹெட்செட்டைக் கழற்றினாள். "அடுத்த போன் கால் பக்கத்து டேபிளுக்குப் போகும். இப்ப எடு, சீக்கிரம்."

கருவியை மறுபடி இணைத்துப் படமெடுத்தாள். நடுவில் மென்பொருள் உறைந்துவிடுமோ என்று திரையையே பார்த்தாள். உறையவில்லை.

காலையிலிருந்து மூடிய வரைபடங்கள் எல்லாம் உள்ளே உயிரோடு இருந்தன. புது அழைப்பு வந்தால் தனக்கும் சொல்லும்படி ஒவ்வொன்றும் அழைப்பு மணியை அடிக்கும் நிரலிடம் பெயர் கொடுத்திருந்தது. மூடும்போது அந்தப் பெயரை யாரும் நீக்கவில்லை. அதனால் அந்த நிரல் அவற்றை விடவில்லை. அலுவலகச் சோதனையில் அழைப்பு மணியே இணைப்பில் இல்லை, வரைபடங்கள் எங்கே பெயர் கொடுக்கும்?

"பிடிச்சுட்டேன் அண்ணி!" என்றபோது குரல் நடுங்கியது.

"அழறியா என்ன? போய்ச் சரிபண்ணு, போ."

மறுநாளே திருத்தம் போட்டார்கள். கோடு ஏறியது, இறங்கியது. ஆனாலும் அவள் நம்பவில்லை. தினமும் மதியம் அண்ணியைக் கூப்பிட்டுக் கேட்டாள்.

"ஓடுதும்மா தாயே, நல்லாவே ஓடுது. இப்ப போனை வை. உன்னாலதான் எனக்குச் சோறு ஆறுது."