பேட்டரி இருந்தும் அணைந்த கணினி

மேயோ கடற்கரையில் காற்று கிளம்பினால் கரண்ட் போவது வழக்கம்தான். டெர்வ்லாவை எரிச்சலூட்டியது வேறு. யூ.பி.எஸ்ஸுக்குப் புது பேட்டரி போட்ட பிறகும், கரண்ட் கண்சிமிட்டியதுமே கணினி அணைந்துபோனது. அவள் மொழிபெயர்த்துக்கொண்டிருந்த மருந்துக் குறிப்பு மறுபடியும் பாதியில் காணாமல் போயிற்று. யூ.பி.எஸ் மட்டும் கீச்கீச்சென்று கத்திக்கொண்டிருந்தது.

"கம்ப்யூட்டரே செத்துப்போச்சு, நீ எதுக்குக் கத்துற?" என்றபடி டார்ச்சுடன் மேசைக்கு அடியில் நுழைந்தாள்.

யூ.பி.எஸ்ஸின் பின்னால் இரண்டு வரிசை பிளக் துளைகள் உண்டு. பேட்டரி ஒரு வரிசைக்குத்தான். கணினியின் பிளக் மற்ற வரிசைக்கு மாறியிருந்தது. அதன் இடத்தில் செருகியிருந்த வெள்ளை வயரைப் பிடித்துக்கொண்டே போனாள். அது சமையலறையில், தாயில்லாத ஆட்டுக்குட்டி படுத்திருந்த அட்டைப்பெட்டிக்கு மேலே தொங்கிய சூட்டு விளக்கில் போய் முடிந்தது.

பக்கத்தில் அவள் கணவன் கோல்மன் தேநீர் குடித்துக்கொண்டிருந்தான்.

"இது உன் வேலையா?"

"கரண்ட் போனா குட்டி விறைச்சுப் போயிடுமேன்னு மாத்தினேன்."

"இந்த விளக்கு இழுக்கிற இழுப்புக்கு அந்தப் பேட்டரி கொஞ்ச நேரம்கூடத் தாங்காது. என் வேலையும் போச்சு, குட்டிக்கும் பிரயோஜனமில்ல. என்னை ஒரு வார்த்தை கேட்டா என்ன?"

"கேட்டா வேண்டாம்னு சொல்லுவே."

"சொல்லுவேன்தான். வீட்ல சுடுதண்ணிப் பை இருக்கே, அதுக்குக் கரண்டும் வேண்டாம், வயரும் வேண்டாம்."

கோல்மன் பையை நிரப்பப் போனான். அவள் பிளக்குகளை மாற்றிச் செருகினாள். அடுத்த முறை வீடு இருண்டபோது கணினி அணையவில்லை. டெர்வ்லா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே முதல் வரியிலிருந்து தட்டச்சு செய்துகொண்டிருந்தாள்.