பதில் குரல்

லிஃப்ட் பழுது பார்க்கிறவர்களிடம் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. கூண்டின் தலைமேல் ஏறுகிறவன், வேலையைத் தொடுமுன் அண்ணாந்து "இருக்கியா?" என்று கேட்க வேண்டும். உச்சியில் மோட்டார் அறையில் நிற்கும் ஜோடிக்காரர், கம்பிவடம் இறங்கும் ஓட்டை வழியாக "இருக்கேன்" என்று சொல்ல வேண்டும். அது காதில் விழாமல் ஸ்பானரைத் தொடக்கூடாது. பெற்ற தாயிடம்கூடப் பொய் சொல்லலாம், இந்த ஒரு வார்த்தையில் கூடாது என்பார்கள்.

நெட்டையனுக்குக் கொஞ்ச நாளாக அந்தப் பதில் வருவதில்லை. எல்லாம் ஒரு கேக்கால் வந்த வினை.

கம்பெனிச் சுவரில் வானவில் படம் ஒட்டி, "ஆணை விரும்புற ஆணோ, பெண்ணை விரும்புற பெண்ணோ, இங்க யாரும் ஒளிஞ்சு வாழ வேண்டாம்" என்று மேனேஜர் உருகிப் பேசி, கேக் வெட்டினார். வாயில் கிரீமோடு எல்லாரும் கைதட்டினார்கள். நெட்டையன் வெள்ளந்தி, நம்பிவிட்டான். தன்னோடு வீட்டில் இருக்கிற தையற்காரன் வாடகையைப் பங்குபோட வந்தவன் அல்ல, தன் துணை என்று அங்கேயே சொல்லிவிட்டான். மேனேஜர் தோளில் கைபோட்டுப் படம் எடுத்துக்கொண்டார். மறுநாளிலிருந்து ஜோடிக்காரரான பெரியண்ணனுக்கு, வேலை தொடங்கும் நேரம் பார்த்து டீ தாகம் எடுக்கத் தொடங்கியது. புகார் சொன்னால், "நீங்களே பேசித் தீத்துக்கங்கப்பா" என்றார் மேனேஜர். வாய் சர்க்கரை, கை கருணைக்கிழங்கு.

"மேல ஆள் இல்லாம ஏறாத. உசுரு போனா எந்தக் கம்பெனி திருப்பித் தரும்?" என்று காலையில்கூடத் தையற்காரன் சட்டையைப் பிடித்துக்கொண்டு சொன்னான். ஏறாவிட்டால் வேலை போய்விடும். நெட்டையன் என்ன செய்வான்?

அன்று போன கட்டடம் வேறு சரியில்லை. பல வருஷம் முன்பு கண்ணாடிக்காரர் என்ற மெக்கானிக் அங்கே லிஃப்ட் ஓடும் குழியில்தான் இறந்தார். அவருக்கும் துணை ஓர் ஆண்தான். விஷயம் வெளியே தெரிந்ததும் ஜோடிக்காரர் ஒதுங்கிவிட்டாராம். மேலே ஆள் இல்லாமல் பிரேக் நழுவியது. காலிக் கூண்டைவிட வடத்தின் மறுமுனையில் தொங்கும் எடை கனம். நழுவினால் கூண்டு கீழே போகாது, மேலேதான் போகும், உத்தரத்தில் மோதும்வரை. அந்த ஜோடிக்காரர் யாரென்று யாரும் சொன்னதில்லை. பேச்சு வந்தால் பெரியண்ணன் எழுந்து போய்விடுவார், அவ்வளவுதான்.

அண்ணன் டீக்குப் போயிருந்தார். நெட்டையன் தானே மேலே போய் மின்சாரத்தை அணைத்துவிட்டு, இறங்கிவந்து, உச்சி மாடியில் நின்ற கூண்டின் தலையில் ஏறினான். பழக்கதோஷம், கேட்டான்.

"அண்ணே, இருக்கீங்களா?"

பதில் இல்லை. சரிதான் என்று குனிந்தான்.

"இருக்கியா?"

அண்ணன் வந்துவிட்டார் என்று ஒரு கணம் மகிழ்ந்துபோனான். "இருக்கேண்ணே!" என்றான்.

"இருக்கியா?"

குரல் மேலிருந்து வரவில்லை. அவன் தோளுக்குப் பக்கத்திலிருந்து, மேலே பார்த்துக் கேட்டது. கோபமே இல்லாத, பொறுமையான குரல். நெட்டையன் திரும்பிப் பார்த்தான், யாரும் இல்லை. கூண்டு ஒரு சாண் மேலே ஏறியது.

ஒவ்வொரு தடவை கேட்கும்போதும் ஒரு சாண். ஏறிவந்த கதவு காலுக்குக் கீழே மறைந்தது. உத்தரம் இறங்கி வருவதுபோல நெருங்கியது. அவன் குப்புறப் படுத்துக்கொண்டான்.

மேலே காலடி கேட்டது. தலையைத் திருப்பினான். ஓட்டை வழியே அண்ணனின் செருப்பு தெரிந்தது.

"இருக்கியா?" என்றது குரல்.

"யாரு... யாருடா அது?" என்றார் அண்ணன்.

"நான் இல்லண்ணே! கண்ணாடிக்காரரு உங்களைத்தான் கேக்குறாரு! பதில் சொல்லுங்க!"

செருப்பு வாசல் பக்கம் திரும்பியது. கூண்டு ஏறியது. உத்தரம் ஹெல்மெட்டை உரசியது.

"அண்ணே! எனக்குக் கேக்கு வேணாம், போட்டோ வேணாம். நீங்க என்கூடச் சிரிச்சுப் பேசக்கூட வேணாம். மேல நில்லுங்க, அது போதும். வீட்ல ஒருத்தன் காத்துட்டிருக்கான்ணே!"

செருப்பு நின்றது. பிறகு திரும்பி வந்தது. அண்ணன் ஓட்டைக்கு மேல் மண்டியிட்டார். அவர் கண்ணீர் நெட்டையனின் கழுத்தில் விழுந்தது.

"இருக்கேன்டா," என்றார். "இங்கதான்டா இருக்கேன். எங்கயும் போகல."

கூண்டு நின்றது.

அப்புறம் நெட்டையனின் தோளுக்குப் பக்கத்தில், யாரோ ஸ்பானரை எடுக்கும் ஓசை கேட்டது. நட்டு ஒன்று நிதானமாக முறுகியது. பதில் வந்தாயிற்று அல்லவா, இனி வேலையைத் தொடலாம்.

அண்ணனுக்கு இப்போதெல்லாம் டீ மோட்டார் அறைக்கே பிளாஸ்கில் போகிறது. நெட்டையன் வாயைத் திறக்கும் முன்பே மேலிருந்து "இருக்கேன்டா தம்பி" என்று குரல் வந்துவிடும். அந்தக் கட்டடத்தில் மட்டும், சற்று நேரம் காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டு, இன்னொரு தடவையும் சொல்வார்.