பாஸ்கு வரைக்கும்

புதுசா, பழசா என்று கேட்டால் பழசு என்று சொல்லும் பெண்பிள்ளை இந்தச் சாந்தோம் முழுக்கத் தேடினாலும் கிடைக்கமாட்டாள். நானும் புதுசு என்றுதான் சொன்னேன். அதைச் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. எப்போது சொன்னேன், எதை வைத்து என் வீட்டுக்காரர் வாயை அடைத்தேன் என்பதில்தான் தப்பு. அதை மூடி மறைத்துப் பேச எனக்கு வராது.

என் பெயர் மர்சலின். பெண்கள் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்பு டீச்சர். வாயாடி என்று பெயர் வாங்கினவள். வாங்கின பெயருக்கு இதுவரை குறை வைத்ததில்லை. என் வீட்டுக்காரர் லியோனார்ட், கிண்டி இன்ஜினீயரிங் காலேஜ் ஒர்க்‌ஷாப்பில் பையன்களுக்குக் கடைசல் வேலை சொல்லிக்கொடுப்பவர். சாந்தோமிலிருந்து அடையாற்றுப் பாலம் தாண்டிக் கிண்டி வரைக்கும் தினமும் சைக்கிள்தான். பதினொரு வருஷமாக அதே சைக்கிள். பஸ்ஸை நம்பிப் போனால் முதல் மணி அடித்து அரைமணி கழித்துத்தான் போய்ச் சேரலாம்.

யுத்தம் முடிந்து இரண்டாவது வருஷம், ஜனவரி மாசக் கடைசியில், சாப்பிட்டுக்கொண்டே மோட்டார் சைக்கிள் ஒன்று வாங்கலாம் என்றார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. நாற்பத்திரண்டு வயசில் மைனர் ஆசை வந்துவிட்டதா, யாரைப் பார்க்க இந்த ஜோர் என்று கேட்டேன். அவரும் சிரித்தார். பிள்ளை குட்டி இல்லாத வீடு, இரண்டு பேரும் சம்பாதிக்கிறோம், வாங்குங்கள் என்றேன். எந்த வண்டி என்பதில்தான் வம்பு வந்தது.

மவுண்ட் ரோடில் புதுசுக்கு எழுதிவைத்தால் சீமையிலிருந்து கப்பலில் வரவேண்டும். அக்டோபருக்கு முன்னால் கிடைக்காது என்று சொல்லிவிட்டார்கள். பழசு ஒன்று சிந்தாதிரிப்பேட்டையில் கலீமுல்லா என்ற மெக்கானிக்கின் கொட்டகையில் நின்றது. அமெரிக்கப் பட்டாளம் விட்டுப்போன வண்டி, ராணுவ ஏலத்தில் எடுத்தது. அதை வேண்டுமானால் அன்றைக்கே ஓட்டிக்கொண்டு வந்துவிடலாம். என்னவருக்கு அதன்மேல்தான் கண்.

ஒரு சனிக்கிழமை என்னை டிராமில் அழைத்துக்கொண்டு போய்க் காட்டினார். கூவத்து நாற்றத்துக்கு மூக்கைப் பொத்திக்கொண்டுதான் நின்றேன். சும்மா சொல்லக்கூடாது, வண்டி எருமைக்கடா மாதிரி இருந்தது. தாழ்வான உடம்பு, அகலமான தோல் சீட்டு, கால் வைக்க இரண்டு பக்கமும் பலகை. கலீமுல்லா ஓர் உதை உதைத்து முடுக்கினதும் தரை அதிர்ந்தது. எனக்கே கொஞ்சம் ஆசை எட்டிப் பார்த்தது. அப்போதுதான் பெட்ரோல் டாங்கியில் யாரோ ஆணியால் கீறிவைத்திருந்த பெயரைப் பார்த்தேன். ஜோ என்று இங்கிலீஷில் இருந்தது. பர்மாச் சண்டையில் ஓடின வண்டி என்று கலீமுல்லா வேறு பெருமையாகச் சொல்லிவிட்டார்.

“செத்தவன் வண்டியில நான் உட்கார மாட்டேன்” என்றேன்.

அவன் செத்தான் என்று யார் சொன்னது, ஊருக்குப் போய்க் கல்யாணம் கட்டிக்கொண்டு சௌக்கியமாக இருப்பான் என்றார் கலீமுல்லா. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். லியோனார்ட் அந்தப் பெயரைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டே நின்றார்.

பிறகு வீட்டில் தினமும் சண்டைதான். சண்டை என்றால் நான் போடுவது, அவர் கேட்டுக்கொண்டிருப்பது. அக்டோபர் ரொம்ப தூரம் மர்சி என்பார். பதினொரு வருஷம் மிதித்த காலுக்கு எட்டு மாசத்தில் என்ன கேடு வந்துவிடும் என்பேன். சைக்கிள் முன்னைப்போல் ஓடவில்லை, கனக்கிறது என்றார் ஒருநாள். சங்கிலிக்கு எண்ணெய் போட்டால் ஓடுகிறது என்று நானே உட்கார்ந்து எண்ணெய் போட்டேன். காலையில் அரைமணி முன்னதாகவே கிளம்ப ஆரம்பித்தார். சாயங்காலம் அரைமணி தாமதமாக வந்தார். சிந்தாதிரிப்பேட்டையில் போய் எருமையைத் தடவிக்கொடுத்துவிட்டு வருகிறாராக்கும் என்று குத்திக்காட்டினேன். அதற்கும் சிரிப்புத்தான்.

இப்படி இருக்கும்போது விபூதிப் புதன் வந்தது, தபசுகாலம் தொடங்கியது. எங்கள் வேதக்காரர் வீடுகளில் அந்த நாற்பது நாளும் கல்யாணம் கிடையாது, விருந்து கிடையாது, ஒருவேளை மட்டும் சாப்பிட்டு ஒருசந்தி இருப்போம். என் பிறந்த வீட்டில் ஒருபடி மேலே. பாஸ்குத் திருநாள், அதாவது ஈஸ்டர் வரைக்கும் ஓர் ஊக்குகூடப் புதிதாக வாங்கமாட்டார்கள். அது திருச்சபைக் கட்டளை இல்லை, என் அப்பாவின் கட்டளை. அது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் அதைக் கையில் எடுத்தேன்.

பூசை முடிந்து, நெற்றியில் சாம்பலோடு வந்து உட்கார்ந்தவரிடம் சொன்னேன்: “பாஸ்கு வரைக்கும் வண்டிப் பேச்சே கூடாது. அதுக்கப்புறம் மவுண்ட் ரோடு போயி புதுசுக்கு எழுதிவைப்போம். இந்த நாப்பது நாளும் சைக்கிள் மிதிக்கிறதுதான் உங்களுக்குத் தபசு.”

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்த மாதிரி இருந்தது. பிறகு, “சரி டீச்சர்” என்றார். வெறும் சரி எனக்குப் போதவில்லை. வீட்டில் இருந்த தேவமாதா சுரூபத்துக்கு முன்னால் நிறுத்திச் சத்தியம் வாங்கினேன். அன்று ராத்திரி ஜெயித்துவிட்ட சந்தோஷத்தில் நன்றாகத் தூங்கினேன். இப்போது அதை நினைத்தால் என் வாயிலேயே அறைந்துகொள்ளலாம் போல் இருக்கிறது.

குருத்து ஞாயிறுக்கு முந்தின வெள்ளிக்கிழமை அவர் வர ரொம்ப நேரமானது. கஞ்சி ஆறிப்போனது. வரட்டும், இன்றைக்குக் கொடுக்கிற கொடுப்பில் சிந்தாதிரிப்பேட்டை என்ற பேரே மறந்துபோகவேண்டும் என்று நாக்கைத் தீட்டிக்கொண்டு வாசலில் நின்றேன். ஒரு ஜட்கா வந்து நின்றது. அதற்குள் அவரைப் படுக்கவைத்திருந்தார்கள்.

அடையாற்றுப் பாலத்தில் நடந்ததை ஜட்காக்காரர் சொன்னார். சைக்கிளை விட்டு நிதானமாக இறங்கி, கைப்பிடிச் சுவர் ஓரமாக ஸ்டாண்டு போட்டு, பூட்டி, சாவியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கீழே உட்கார்ந்தாராம். ஆற்றைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று அந்த வழியாக வண்டியோட்டிப் போன ஜட்காக்காரர் நினைத்தாராம். ஜட்கா திரும்பி வரும்போதும் என்னவர் அப்படியே உட்கார்ந்திருந்தாராம். தீட்டிவைத்த நாக்கு எனக்கு அப்படியே ஒட்டிக்கொண்டது. சனிக்கிழமை அடக்கம் செய்தோம். மார்பு அடைத்துவிட்டது, கர்த்தர் திடீரென்று அழைத்துக்கொண்டார் என்று வந்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள். திடீரென்றுதான் என்று நானும் நம்பினேன்.

பாஸ்கு அன்று காலை பூசைக்குப் போய்வந்து, கறுப்புப் புடவையோடு சும்மா உட்கார்ந்திருந்தேன். தெருவில் மோட்டார் சத்தம் கேட்டது. தரை அதிர்ந்தது. எட்டிப் பார்த்தால், சலவைச் சட்டையும் தொப்பியுமாகக் கலீமுல்லா அந்த வண்டியைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்திக்கொண்டிருந்தார். முகமெல்லாம் சிரிப்பு. பாஸ்கு அன்றைக்குக் காலையில் வண்டி வாசலில் நிற்கவேண்டும் என்று சார் சொல்லியிருந்தார், சார் எங்கே என்று கேட்டார்.

சொன்னேன். அவர் அப்படியே படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். “பாலத்துலயா?” என்றார். ஆமாம் என்றேன். அது அவருக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

“சாருக்குப் பாலம் ஏற மூச்சு இல்லம்மா. எறங்கித் தள்ளிக்கினுதான் போவாரு. இருதயம் வீங்கிக் கீது, சைக்கிளத் தொடவே கூடாதுன்னு ஜனவரியிலயே டாக்டர் சொல்லிட்டாரு. அக்டோபர் வரைக்கும் நான் தாங்கமாட்டேன் கலீமுன்னாரு. உங்களுக்குத் தெரியும்னுல்ல நெனச்சேன்.”

அரைமணி முன்னதாகக் கிளம்பினது எனக்கு அப்போதுதான் விளங்கியது. ஏன் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று கேட்டேன். கலீமுல்லா தரையைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

“நானும் கேட்டேன் டீச்சரம்மா. சொன்னா அவ சண்டை போடறத நிறுத்திடுவா. அப்பறம் அந்த வீட்ல எனக்கு இன்னா கீதுன்னாரு.”

இன்னொன்றும் சொன்னார். அதைச் சொல்லாமலே போயிருக்கலாம். தபசுகாலம் தொடங்கின முதல் சனிக்கிழமையே, பணம் அப்புறம் கொடுங்கள், வண்டியை இப்போதே எடுத்துக்கொண்டு போங்கள் என்று கலீமுல்லாவே கெஞ்சினாராம். வீட்டில் சத்தியம் பண்ணிவிட்டேன், பாஸ்கு வரைக்கும் தொடமாட்டேன் என்று என்னவர் கையெடுத்துக் கும்பிட்டாராம். எங்களுக்கும் நோன்பு உண்டு, வாக்கு என்றால் வாக்குத்தான், அதற்குமேல் நான் எப்படி வற்புறுத்த என்று கலீமுல்லா கண்ணைத் துடைத்துக்கொண்டார். என்னவரைக் கொன்றது நான்தான் என்று மட்டும் எனக்கு உள்ளே ஓடிக்கொண்டிருந்தது.

எழுந்துபோய் வண்டியைப் பார்த்தேன். டாங்கியில் ஜோ இல்லை. நன்றாகத் தேய்த்து எடுத்துவிட்டுப் புதுசாகக் கரும்பச்சை அடித்திருந்தது. அகலச் சீட்டுக்குப் பின்னால் சின்னதாக ஒரு சீட்டு முளைத்திருந்தது. ஒரு பக்கமாக உட்காருகிறவள் கால் வைக்கத் தனியாக ஒரு பலகை. பின்சக்கரத்தின்மேல் நெருக்கமாகப் பின்னின கம்பி வலை. புடவை சக்கரத்தில் மாட்டிவிடக்கூடாது என்று நாலு சனிக்கிழமை டிராமில் வந்து, சார் தன் கையாலேயே அளவெடுத்துக் கொடுத்தாராம். பலமாக உதைக்கவேண்டாம், லேசாகத் தட்டினாலே கிளம்பும்படி மோட்டாரையும் சரிசெய்யச் சொன்னாராம். பீச் ரோடில் ஒரே ஒரு தடவை அவளை வைத்து ஓட்டினால் போதும் என்று சொல்லிக்கொண்டிருந்தாராம்.

செத்தவன் வண்டியில் உட்காரமாட்டேன் என்று சொன்னவள் நான். இப்போது அது செத்தவர் வண்டிதான். பூசை முடிந்து வந்த பெண்கள் தெருவில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். பார்க்கட்டும் என்று புடவையை ஒதுக்கிக்கொண்டு பின்சீட்டில் ஏறி ஒரு பக்கமாக உட்கார்ந்தேன். பலகை என் காலுக்குச் சரியாக இருந்தது. முந்தானை வலையின்மேல்தான் கிடந்தது, சக்கரத்தைத் தொடவில்லை. ஸ்டார்ட் பண்ணட்டுமா என்று கலீமுல்லா மெதுவாகக் கேட்டார். வேண்டாம் என்றேன்.

முன்சீட்டு வெயிலில் சுட்டுக்கொண்டிருந்தது. அதன்மேல் கையை வைத்தேன்.

“பாஸ்கு வந்தாச்சுங்க” என்றேன்.