சுற்றி வந்தவர்

ஆஸ்பத்திரியின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் பதினோரு வருடமாக வேலை பார்த்துவந்தவளைப் பற்றித் தலைமை டாக்டர் ஆண்டறிக்கையில் ஒரே வரிதான் எழுதியிருந்தார்: ‘வேலை சுத்தம், ஆனால் அம்பிஷியஸ்.’

அந்த ‘ஆனால்’ அவளுக்கு முள்ளாகத் தைத்தது. கூடத்தின் மேற்பார்வையாளர் அடுத்த மாதம் ஓய்வு பெறப்போகிறார். இந்த நேரம் பார்த்து யாரோ வத்தி வைத்திருக்கிறார்கள்.

அவள் அண்ணி ஆங்கில ஆசிரியை. “நல்ல வார்த்தைதானே. முன்னேறத் துடிக்கிறவங்கன்னு அர்த்தம்,” என்றாள்.

“அப்புறம் எதுக்கு அண்ணி ‘ஆனால்’?”

அண்ணி தடித்த அகராதியை எடுத்துப் புரட்டினாள். “இதோட வேர் லத்தீன். ‘சுத்தி வர்றது’ன்னு அர்த்தம். ரோம்ல பதவிக்கு நிக்கிறவங்க ஆள் ஆளாப் பாத்து ஓட்டுக் கேட்டுச் சுத்துவாங்களாம். அந்தச் சுத்தல்தான் பதவி ஆசைன்னு ஆகி, பிற்பாடு லட்சியம்னு கௌரவமாயிடுச்சு.”

“நான் நாற்காலிய விட்டே எழுந்திரிக்கிறதில்லையே.”

“அப்ப வேற யாரு சுத்தறாங்கன்னு பாரு.”

மறுநாளிலிருந்து அவளுக்கு மைக்ராஸ்கோப்பில் ஒரு கண், வாசலில் ஒரு கண். மூன்றாம் நாள் ஆள் பிடிபட்டான். ரிப்போர்ட்டுகளை மாடிக்குக் கொண்டுபோகத் தனி ஆள் இருந்தும், மாலை ஷிப்ட் டெக்னீஷியன் ஒரு மணி நேரம் முன்னதாகவே வந்து, தானே அவற்றை எடுத்துக்கொண்டு டாக்டர்களின் அறை அறையாக ஏறி இறங்கினான். அவள் படிக்கட்டில் வழிமறித்தாள்.

“என்னைப் பத்தி என்ன சொல்லிட்டு வர்றீங்க?”

அவன் மழுப்பவில்லை. “அடுத்த மேற்பார்வையாளர் நீங்கதான் ஆகணும்னு சொல்றேன்.”

“நான் கேட்டேனா?”

“கேக்கல. நீங்க மேல போனா உங்க காலை ஷிப்ட் எனக்கு வரும். சாயங்காலம் வீட்ல பொண்ணு தனியா இருக்கா.”

நேரே தலைமை டாக்டரிடம் போனாள். “அவரை நான் அனுப்பல, டாக்டர்.”

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். “நீங்கதான் தூது விடறீங்கன்னு நினைச்சேன். சரி, அப்ப அந்தப் பதவி உங்களுக்கு வேணாமா?”

வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். “வேணும்,” என்று வந்தது.

“இதை நீங்களே வந்து சொல்லியிருக்கலாம்.”

அடுத்த மாதம் பதவி அவளுக்கு வந்தது. காலை ஷிப்ட் அவனுக்குப் போனது. இப்போதும் அவன் ஒரு டீ வாங்கி வந்து நீட்டினால் அவள் உடனே வாங்குவதில்லை. “எதுக்கு?” என்று கேட்டுவிட்டுத்தான் கையை நீட்டுகிறாள்.