"கட்" என்று தொடங்கும் படம்

எங்கள் கல்லூரியில் மீடியா வகுப்பு மாணவர்கள் ஒவ்வொரு வருஷமும் ஒரு திரில்லர் படத்தின் முதல் இரண்டு நிமிஷத்தை மட்டும் எடுப்பார்கள். முழுப் படம் கிடையாது. கொலைகாரன் யார், ஏன் கொன்றான் என்பதெல்லாம் எடுத்தவர்களுக்கே தெரியாது. வருஷா வருஷம் ஒரே படம்தான் வரும்: முக்காடு போட்ட ஒருத்தன், காடு, ஓடுகிற கால்கள், கெட்சப் ரத்தம். இங்கிலாந்தில் எங்கள் ஊரான பார்ன்ஸ்லியைச் சுற்றியுள்ள காடுகளில் இப்படிச் செத்த மாணவர்களை எல்லாம் கூட்டிப் பார்த்தால் ஊரே காலியாகியிருக்க வேண்டும்.

எங்கள் குழுவில் மூன்று பேர். ரோரி பிக்கர்ஸ்கில் தன்னைத்தானே டைரக்டராக நியமித்துக்கொண்டான், கேமராவையும் அவனே வைத்துக்கொண்டான். கதை முடிவாவதற்கு முன்பே போஸ்டர் தயார். அதில் அவன் பெயர் படத்தின் பெயரைவிடப் பெரியது. நேதன்தான் கொலைகாரன். நிஜத்தில் அவன் சிலந்தியைக்கூடக் கோப்பையால் மூடி, பத்திரமாகத் தோட்டத்தில் கொண்டுபோய் விடுகிற பையன். கொலையாகப் போவது ஒரு துணிக்கடை பொம்மை, மூடிப்போன கடையிலிருந்து நேதனின் அத்தை கொடுத்தது. மூன்றாவது ஆள் லின்சி, அதாவது நான். யாருக்கும் வேண்டாத எடிட்டிங்கை என்னிடம் தள்ளிவிட்டார்கள்.

எனக்கோ இது வாழ்வா சாவா விஷயம். அதற்கு முந்தைய வேலைகளில் எல்லாம் கோட்டை விட்டிருந்தேன். மிஸ் ஹோல்ராய்ட் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்: "இதுலயும் சி கிரேடுக்குக் கீழ போச்சுன்னா உன்னை பிசினஸ் வகுப்புக்கு மாத்திடுவாங்கம்மா. அது என் கையில இல்ல." என் அக்கா பிசினஸ் படித்தவள். சாப்பாட்டு மேஜையில் உப்பு கேட்டால்கூட வாடிக்கையாளர் திருப்தியைப் பற்றிப் பேசுவாள். அந்த வகுப்பில் போய் உட்காருவதற்குப் பதில் அந்தப் பொம்மையோடு சேர்த்து என்னையும் காட்டில் புதைத்துவிடலாம்.

கேன்டீனில் உட்கார்ந்து கதை பேசினோம்.

"கொலைகாரனைக் காட்டவே வேணாம்டா. சத்தம் மட்டும் கேக்கட்டும். அதுதான் பயமா இருக்கும்," என்றேன்.

ரோரி என் தட்டிலிருந்தே ஒரு சிப்ஸை எடுத்து கிரேவியில் தோய்த்துக்கொண்டான். "காட்டாம எடுத்தா அதுக்குப் பேரு ரேடியோ, லின்சி. நீ வெட்டி ஒட்டுற வேலையப் பாரு. மூளைய உபயோகிக்கிற வேலைய எங்கிட்ட விட்டுடு."

"அவ சொல்றதும் நல்லாத்தான இருக்கு," என்றான் நேதன்.

"நீ கொலைகாரன். கொலைகாரனுக்கு டயலாக் கிடையாது."

சனிக்கிழமை படப்பிடிப்பு. அன்று எனக்கு மீன் வறுவல் கடையில் வேலை, போக முடியவில்லை. திங்கட்கிழமை ரோரி கூலிங் கிளாஸோடு வந்தான். நவம்பர் மாதம், வெயிலே இல்லாத யார்க்ஷயர், கூலிங் கிளாஸ்! அதைப் போட்டுக்கொண்டுதான் படமே எடுத்தானாம்.

"எடுத்ததைப் போட்டுப் பாத்தியா?" என்று கேட்டேன்.

"நல்ல டைரக்டர் திரும்பிப் பாக்க மாட்டான்," என்று மெமரி கார்டை என் கையில் வைத்துவிட்டுப் போனான். கேமரா அடுத்த குழுவுக்குப் போய்விட்டது. வெள்ளிக்கிழமை படத்தை வகுப்பில் போட்டாக வேண்டும்.

எடிட்டிங் அறையில் தனியாக உட்கார்ந்து முதல் துண்டை ஓடவிட்டேன். ஒரே இருட்டு. ஜிப் திறக்கிற சத்தம், வானம் ஒரு சுற்றுச் சுற்றியது, ரோரியின் மூக்கு, பிறகு "ஆக்‌ஷன்!" என்று அவன் குரல். அதோடு முடிந்துவிட்டது. இரண்டாவது துண்டு "கட்!" என்று தொடங்கி, புல்லையும் பூட்ஸையும் காட்டி, "ஆக்‌ஷன்!" என்று முடிந்தது. மூன்றாவதும் அப்படியே. எல்லாமே அப்படியே.

எனக்கு விளங்க ஒரு நிமிஷம் ஆனது. கேமரா பைக்குள் இருக்கும்போதே எதுவோ பட்டு, பதிவுக்கான சிவப்புப் பொத்தான் அமுங்கியிருக்கிறது. ஐயா அடுத்து "ஆக்‌ஷன்" என்று அமுக்கியபோது பதிவு நின்றது, "கட்" என்று அமுக்கியபோது ஓடியது. கூலிங் கிளாஸ் போட்டவனுக்குச் சிவப்பு விளக்கு எங்கே தெரியப் போகிறது? ஆக, எடுக்க நினைத்த ஒரு காட்சிகூட இல்லை. எடுக்க நினைக்காதது மொத்தமும் இருந்தது.

எனக்கு அழுகை வந்தது. அக்காவின் பழைய பிசினஸ் புத்தகங்கள் எந்த அலமாரியில் இருக்கின்றன என்றுகூட நினைத்துப் பார்த்தேன். ஆனாலும் மிச்சத்தையும் கேட்டேன். கேமரா புல்லில் கிடக்கிறது, பூட்ஸ் மட்டும் தெரிகிறது.

"பைக்குள்ள போக மாட்டேங்குதுடா," இது நேதன்.

"கையக் கழட்டு," இது ரோரி.

'டக்' என்று ஒரு சத்தம். பொம்மையின் கைதான். ஆனால் படத்தில் பொம்மை எங்கேயும் இல்லையே! என் முதுகு சில்லிட்டது.

பிறகு ஒரு நாய் வந்து லென்ஸை முகர்ந்துவிட்டுப் பை இருக்கிற பக்கம் போய் உறுமுகிறது. நாயோடு வந்த அம்மாளின் குரல்: "என்ன கண்ணுங்களா, பையில என்ன?"

"ஒண்ணுமில்லைங்க. காலேஜ் வேலை," என்கிறான் ரோரி, தேன் ஒழுக.

அவர் போன பிறகு, முன்பே நடந்த ஏதோ பேச்சைத் தொடர்வதுபோல் நேதன் கேட்கிறான்: "லின்சிக்கு இது தெரிஞ்சா?"

"அவளுக்கு எதுக்குத் தெரியணும்? மார்க் கம்மியா வந்தா எடிட்டிங் சொதப்பிடுச்சுன்னு சொல்லிடுவேன். போன வாரமே மிஸ் காதுல போட்டு வெச்சாச்சு."

"பாவம்டா. அவளை வகுப்பை விட்டே தூக்கிடுவாங்கடா."

"தூக்கட்டும். நமக்கென்ன?"

அதைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன். என் தட்டில் சிப்ஸ் தின்ற பயல்! பிறகு பொங்கிக்கொண்டு வந்த கோபம் போகப் போக வேறு மாதிரி ஆகி, நான் தனியாகச் சிரிக்க ஆரம்பித்தேன். கொலைகாரன் முகம் தெரியவில்லை, சத்தம் மட்டும் கேட்கிறது. நான் கேட்ட படத்தை அவனே எடுத்துக் கொடுத்திருக்கிறான்.

அந்த வாரம் முழுக்க வெட்டினேன், ஒட்டினேன். நேதன் கேள்வியில் இருந்த என் பெயரை மட்டும் எடுத்துவிட்டேன், "இது தெரிஞ்சா?" என்பதே போதும். கடைசி ஷாட்டாக, ரோரி குனிந்து லென்ஸுக்குள் உற்றுப் பார்க்கும் முகத்தை வைத்தேன். கறுப்புக் கண்ணாடியோடு, திரை முழுக்க. ரோரி ஒருமுறைகூட எட்டிப் பார்க்கவில்லை, போஸ்டரில் தன் பெயரை இன்னும் கொஞ்சம் பெரிதாக்குவதில் மும்முரமாக இருந்தான்.

வெள்ளிக்கிழமை விளக்கை அணைத்தார்கள். இருட்டில் "கட்!" என்ற குரலோடு படம் தொடங்கியது. பொம்மையின் கை கழன்ற சத்தத்தில் முன்வரிசைப் பெண் பக்கத்தில் இருந்தவன் கையைப் பிடித்தாள். நாய் உறுமியபோது மூச்சுச் சத்தம்கூட இல்லை. "தூக்கட்டும். நமக்கென்ன?" முடிந்ததும் ரோரியின் முகம் வந்தது, "ஆக்‌ஷன்!" என்றது, திரை இருண்டது. வகுப்பே கைதட்டியது.

விளக்கு எரிந்தபோது ரோரியின் முகம் சுண்ணாம்பாக இருந்தது. ஆனால் கைதட்டலின் போதை யாரைத்தான் விட்டது?

"ரோரி, இது உன் யோசனையா?" என்று கேட்டார் மிஸ் ஹோல்ராய்ட்.

ரோரி என்னைப் பார்த்தான். நான் கூரையைப் பார்த்தேன். அவன் எழுந்து நின்று கூலிங் கிளாஸைத் தலைமேல் ஏற்றிக்கொண்டான். "ஆமா மிஸ். கேமரா தற்செயலா ஓடுற மாதிரி ஒரு உத்தி. ரொம்ப நாளா மனசுல இருந்தது."

"டயலாக்கும் நீ எழுதினதுதானா?"

"ஒவ்வொரு வார்த்தையும் மிஸ்."

"அப்படியா." மிஸ் பேனாவை மூடி வைத்தார். "எடிட்டிங் சொதப்பிடுச்சுன்னு மிஸ் காதுல போட்டு வெச்சாச்சுன்னு ஒரு டயலாக் வருதே, அது எந்த மிஸ்? ஏன் கேக்கறேன்னா, ஷூட்டிங்குக்கு முன்னாடியே நீ என் ரூமுக்கு வந்து லின்சி எடிட்டிங்கை சொதப்புறான்னு சொன்ன. எடுக்காத படத்தை அவ எப்படிச் சொதப்பினான்னு அன்னிலேர்ந்து யோசிச்சுட்டே இருக்கேன்."

ரோரியின் கூலிங் கிளாஸ் தானாகவே நழுவி மூக்குக்கு இறங்கியது.

"மிஸ், கொலைகாரனுக்கு டயலாக் கிடையாதுன்னான்," என்று நேதன் எழுந்தான். "ஆனா நான் சொல்லிடறேன். இது உத்தியும் இல்ல ஒண்ணும் இல்ல. இவன் பொத்தானை மாத்தி அமுக்கிட்டான். படம் முழுக்க லின்சியோடது." பிறகு என் பக்கம் திரும்பி, "அன்னிக்கே உங்கிட்ட சொல்லியிருக்கணும். சாரி," என்றான்.

வகுப்பு சிரித்த சிரிப்பில் பக்கத்து அறையிலிருந்து சுவரைத் தட்டினார்கள். மிஸ் மட்டும் சிரிக்காமல் என்னிடம் வந்தார்.

"லின்சி, பிசினஸ் வகுப்புல உன் நாற்காலியை வேற யாருக்காவது குடுத்துடச் சொல்றேன்."

தலையை மட்டும் ஆட்டினேன்.

"மிஸ், அப்ப எனக்கு எவ்வளவு மார்க்?" என்று முணுமுணுத்தான் ரோரி.

"முதல்ல இன்னொரு தடவை பாத்துக்கறேன். லின்சி, போடும்மா."

போட்டேன். இந்த முறை வகுப்பு தயாராக இருந்தது. கடைசியில் அந்தக் கறுப்புக் கண்ணாடி முகம் திரையை நிறைத்தபோது, ரோரி ஒருவனைத் தவிர எல்லோரும் ஒரே குரலில் கத்தினோம்: "ஆக்‌ஷன்!"